எட்டாயிரத்துக்கும் வயலின், எட்டு லட்சத்துக்கும் வயலின்: காசு எங்கே போகிறது?

வாத்தியம் வாங்குவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் வயலினைப் பற்றியவை நிறைய. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: மகள் பத்து வருடமாகக் கர்நாடக வயலின் கற்கிறாள். இத்தாலியில் கிரிமோனா என்ற ஊரில் ஒருவர் கையால் செய்த புது வயலினுக்கு எட்டு லட்சம் ரூபாய் சொல்கிறார்கள். இணையத்தில் எட்டாயிரத்துக்கும் வயலின் கிடைக்கிறது. ஒரே வடிவம், அதே நாலு தந்தி. ஊர்ப் பெயருக்குத்தான் இந்த விலையா? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: ஊர்ப் பெயருக்கும் கொஞ்சம் போகிறது, மறுக்கவில்லை. உலகப் புகழ்பெற்ற வயலின் கைவினைஞர் ஸ்ட்ராடிவாரி 1737-இல் இறக்கும்வரை வேலை செய்த ஊர் அது. 1938 முதல் அங்கே வயலின் செய்யக் கற்றுத்தரும் பள்ளி நடக்கிறது. அந்த ஊரின் வயலின் கைத்தொழிலை 2012-இல் யுனெஸ்கோ மரபுச் செல்வமாக அறிவித்தது. இன்றைக்கு அங்கே நூற்றைம்பதுக்கு மேற்பட்ட பட்டறைகள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் ஓர் ஆள், மிஞ்சினால் இரண்டு ஆள். ஆனால் நீங்கள் கொடுக்கும் காசில் பெரும்பங்கு அந்த ஓர் ஆளின் நேரத்துக்குப் போகிறது.

அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மேல்பலகைக்கு ஆல்ப்ஸ் மலைக் குளிரில் மெதுவாக வளர்ந்த ஸ்ப்ரூஸ் மரம். பின்பலகை, பக்கச் சட்டம், கழுத்து எல்லாம் மேப்பிள். பிளந்த மரத்தைப் பல வருடம் காயவிட்ட பிறகுதான் உளி வைப்பார்கள். ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள பக்கச் சட்டத்தைச் சூடான இரும்பில் வளைத்து அச்சோடு சேர்த்து ஒட்டுவார்கள். மேல்பலகையின் மேடு வளைத்து எடுத்தது கிடையாது. தடித்த பலகையை வெளியிலும் உள்ளிலும் குடைந்து குடைந்தே அந்த வளைவைக் கொண்டுவருகிறார்கள். முதலில் பெரிய உளி, அப்புறம் விரல் நீளம்கூட இல்லாத குட்டி இழைப்புளி, கடைசியில் மெல்லிய எஃகுத் தகட்டால் சுரண்டல். இந்தக் கட்டத்தில் அறையை இருட்டாக்கி, ஒரே ஒரு விளக்கைப் பலகையின் பக்கவாட்டில் தாழ வைத்துக்கொள்வார்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத மேடு பள்ளமெல்லாம் நிழலாக விழும். அந்த நிழல் சீராகும்வரை சுரண்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

முடிவில் மேல்பலகை ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் இருக்கும். பின்பலகை நடுவில் நாலரை, ஓரத்துக்குப் போகப் போக இரண்டரை. இவை எல்லா மரத்துக்கும் பொருந்தும் கணக்கில்லை. ஒவ்வொரு பலகையையும் வளைத்துப் பார்த்து, விரலால் தட்டிக் கேட்டு, எடை போட்டு எங்கே நிறுத்துவது என்று கைதான் சொல்லும். இன்னும் கொஞ்சம் சுரண்டினால் பலகை போச்சு. இயந்திரம் எல்லாப் பலகையையும் ஒரே கனத்துக்கு வெட்டும். மென்மையான மரமும் கெட்டியான மரமும் ஒரே கனத்தில் ஒரே மாதிரி பேசாது. எட்டாயிரம் ரூபாய் வயலினில் இல்லாமல் போவது முக்கியமாக இதுதான்.

வார்னிஷ் பூசுவதும் அது காய்வதும் தனியாகச் சில வாரம் பிடிக்கும். அது போகவே மரவேலைக்கு இருநூறு மணி நேரம் ஆகிவிடும். பழுதுபார்க்கும் வேலையும் சேர்த்துச் செய்கிற ஒருவரால் ஆண்டுக்கு ஏழெட்டு வயலினுக்கு மேல் முடிப்பது கஷ்டம். மரம், வாடகை, வரி, இங்கே கொண்டுவரும் செலவு, இடையில் இருப்பவரின் பங்கு எல்லாம் போக அவருக்கு என்ன மிஞ்சும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

அதற்காக எட்டு லட்சம் கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்ல வரவில்லை. 2012-இல் பாரிஸில் ஒரு சோதனை நடத்தினார்கள். பேர்பெற்ற பத்து வயலின் கலைஞர்கள், ஸ்ட்ராடிவாரி உட்பட ஆறு பழைய இத்தாலிய வயலின், ஆறு புது வயலின். எது எது என்று தெரியாதபடி கண்ணை மறைத்து வாசிக்க வைத்தார்கள். பத்துப் பேரில் ஆறு பேர் தேர்ந்தெடுத்தது புது வயலினைத்தான். பெரிய பெயர் காதுக்குக் கேட்காது என்பதற்கு இது நல்ல சான்று. உங்கள் மகளும் விலைச்சீட்டைப் பார்க்காமல் வாசித்துப் பார்க்கட்டும். ஒன்றிரண்டு லட்சத்துக்குள் சிறிய பட்டறைகளில் நாலைந்து பேர் சேர்ந்து கவனமாகச் செய்த வயலின்கள் கிடைக்கின்றன. பத்து வருடம் கற்ற பெண்ணுக்கு அவற்றில் நல்லது ஒன்று தாராளமாகப் போதும்.

கிரிமோனாதான் வேண்டும் என்றால், கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. வார்னிஷ் அடிக்காத வெள்ளை வயலினைத் தொழிற்சாலையிலிருந்து வாங்கி, பூச்சை மட்டும் தானே அடித்துத் தன் பெயர்ச் சீட்டை ஒட்டி விற்கும் வழக்கம் இந்தத் தொழிலில் இருக்கிறது. பூச்சு அடித்தது நான் என்று சொல்லி விற்றால் அதில் தப்பில்லை. மறைத்து விற்றால் ஏமாற்று. மரக்கட்டையிலிருந்து நீங்களே குடைந்ததா என்று கேளுங்கள். வேலை நடந்தபோது எடுத்த படங்களையும், வயலினின் படத்தோடு அவர் கையெழுத்திட்ட சான்றிதழையும் வாங்குங்கள். நேர்மையாகச் செய்பவர் சந்தோஷமாகக் கொடுப்பார்.

கேள்வி: தாத்தாவின் வயலின் பரணில் கிடந்தது. ஓட்டை வழியாகப் பார்த்தால் உள்ளே 'ஆன்டோனியஸ் ஸ்ட்ராடிவாரியஸ் கிரிமோனென்சிஸ் ஃபாசியபாட் ஆன்னோ 1721' என்று சீட்டு ஒட்டியிருக்கிறது. ஒருவர் ஐம்பதாயிரத்துக்குக் கேட்கிறார். கொடுக்கலாமா? (கும்பகோணம் வாசகி)

பதில்: உங்கள் ஆசையில் மண்ணைப் போட மனசில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். கிரிமோனாவின் ஸ்ட்ராடிவாரி 1721-இல் செய்தது என்று லத்தீனில் சொல்லும் அந்தச் சீட்டை மட்டும் வைத்து எதையும் நம்பக்கூடாது. ஸ்ட்ராடிவாரி செய்தவற்றில் இன்று மிஞ்சியிருக்கும் கருவிகள் ஏறக்குறைய 650. பெரும்பாலும் எது யாரிடம் இருக்கிறது என்பது பதிவில் உள்ளது. சீட்டு அச்சடிக்கப்பட்டதோ லட்சக்கணக்கில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியின் மார்க்நாய்கிர்சென் வட்டாரத்திலும், எல்லைக்கு அந்தப் பக்கம் போஹேமியாவிலும் (இன்றைய செக் நாடு) வயலின் குடிசைத் தொழிலாக நடந்தது. ஒரு வீட்டில் சுருள்தலை மட்டும் செதுக்குவார்கள், இன்னொரு வீட்டில் உடல் மட்டும். வியாபாரிகள் வாங்கிச் சேர்த்து, எந்த மாதிரியைப் பின்பற்றியதோ அந்தப் பெயரில் சீட்டு ஒட்டி உலகம் முழுக்க அனுப்பினார்கள். அன்றைக்கு அதை யாரும் மோசடியாக நினைக்கவில்லை.

சீட்டின் அடியில் 'மேட் இன் ஜெர்மனி' என்று பொடி எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். பொருள் எந்த நாட்டில் செய்தது என்று குறிக்கச் சொன்ன பிரிட்டிஷ் சட்டம் 1887-இல்தான் வந்தது. 'செக்கோஸ்லோவாக்கியா' என்று இருந்தால் 1918-க்குப் பிந்தியது.

அப்படியே இருந்தாலும் அது குப்பை இல்லை. அந்த ஜெர்மன் வயலின்களில் பல, நல்ல கையில் பழுதுபார்த்து எடுத்தால் இன்றைக்கும் இனிமையாகப் பேசும். விற்பதற்கு முன் வயலின் பழுதுபார்ப்பவர் இரண்டு பேரிடமாவது காட்டுங்கள். வாங்க ஆசைப்படுகிறவரே மதிப்பும் சொல்லும்படி விடாதீர்கள். மேல்பலகையில் விரிசல் இருந்தால் சரிசெய்யலாம். பின்பலகையில், உள்ளே நிற்கும் சவுண்ட் போஸ்ட் குச்சி ஊன்றும் இடத்தில் விரிசல் இருந்தால் மதிப்பு நன்றாகக் குறைந்துவிடும்.

இரண்டு காரியம் மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். பழைய வார்னிஷைச் சுரண்டிப் புதுசாகப் பாலிஷ் போட விடாதீர்கள். அதோடு மதிப்பில் பெரும்பகுதி போய்விடும். பெயர்ந்த இடத்தைத் தச்சரிடம் கொடுத்து வெள்ளைப் பசையால் ஒட்டாதீர்கள். வயலினை ஒட்டுவது வஜ்ஜிரத்தால், அதாவது தோலைக் காய்ச்சி எடுத்த பசையால். சூடும் ஈரமும் பட்டால் அது விடும். அப்படி விடுவது வேண்டும் என்றேதான் அதைப் போடுகிறார்கள். நூறு வருடம் கழித்தும் மேல்பலகையைக் கத்தியால் மெல்லக் கழற்றி, உள்ளே பழுதுபார்த்து, மறுபடி மூடலாம். வெள்ளைப் பசையால் ஒட்டியதைப் பிரித்தால் பசைக்குப் பதில் மரம் பிய்ந்து வரும்.

கேள்வி: இணையத்தில் பன்னிரண்டாயிரத்துக்கு வயலின் வாங்கினேன். 'கருங்காலி ஃபிங்கர்போர்டு (விரல் வைத்து அழுத்தும் பலகை), வாசிக்கத் தயார்' என்று போட்டிருந்தது. சுருதி நிற்கவில்லை, தந்தியை முறுக்கும் பெக் வழுக்குகிறது. தந்தியை அழுத்தினால் விரல் வலிக்கிறது. கேட்டால் 'பழகினால் சரியாகிவிடும்' என்கிறார்கள். (மதுரை வாசகர்)

பதில்: சரியாகாது. குறை உங்கள் விரலில் இல்லை. வயலின் செய்து முடித்தாலும் அதை வாசிக்கத் தயாராக்குவது தனி வேலை. தந்திகளைத் தாங்கி நிற்கும் பிரிட்ஜ், கடைக்கு வரும்போது தடித்த மேப்பிள் துண்டு. அந்தந்த வயலினின் வளைவுக்குப் பொருந்தும்படி அதன் காலைச் செதுக்கி, உயரத்தைக் குறைத்து, மெலிதாக்க வேண்டும். மலிவு வயலின்களில் இந்த வேலை பெரும்பாலும் நடப்பதே இல்லை.

ஒரு ஸ்கேல் எடுத்து அளந்து பாருங்கள். ஃபிங்கர்போர்டு முடியும் இடத்தில் மெல்லிய தந்தி பலகையிலிருந்து மூன்றரை மில்லிமீட்டர், தடித்த தந்தி ஐந்தரை மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால் சரி. எட்டு, ஒன்பது என்று இருந்தால் உங்கள் வலிக்குக் காரணம் கிடைத்துவிட்டது. பெக் நுனி நோக்கிக் குறுகும் வடிவம். துளையும் அதே சரிவில் குடைந்திருந்தால்தான் பிடிக்கும். ஈரமான வெள்ளைத் துணியால் ஃபிங்கர்போர்டை அழுத்தித் துடையுங்கள். கறுப்பு ஒட்டிக்கொண்டால் பெரும்பாலும் சாயம் பூசிய வேறு மரம். கருங்காலி உள்ளேயும் கறுப்பாகவே இருக்கும். ஸ்பிரிட்டால் மட்டும் துடைக்க வேண்டாம், வார்னிஷ் கரைந்துவிடும்.

சாயம் பூசிய மரத்தைக் கருங்காலி என்று விளம்பரம் செய்வது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறு. விளம்பரப் பக்கத்தைப் படமெடுத்து, பில்லோடு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் விற்றவருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அப்புறமும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வைப்பதும் கட்டாயமில்லை. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

திருப்பிக் கொடுக்க விருப்பமில்லை என்றால், பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து பிரிட்ஜ், பெக், சவுண்ட் போஸ்ட் மூன்றையும் சரிசெய்யச் சொல்லுங்கள். அதற்குக் கொடுக்கும் காசு, இதைவிட விலை கூடிய இன்னொரு வயலினுக்குக் கொடுப்பதைவிட நல்ல பலன் தரும்.

கேள்வி: ஆறு வயதுப் பையனுக்கு முழு அளவு வயலினே வாங்கிவிடலாமா? வளர்ந்து விடுவான் அல்லவா? (ஈரோடு வாசகி)

பதில்: வேண்டாம். எட்டாத இடத்துக்கு விரலை இழுத்துப் பழகினால் கை கெடும். வயலின் வாத்தியார் முன்னால் உட்கார வைத்து, பிடித்துப் பார்த்து அளவை முடிவு செய்யுங்கள். சின்ன அளவு வயலின் சீக்கிரமே போதாமல் போகும், அதனால் வாடகைக்கோ பழையதாகவோ எடுப்பது நல்லது.

கேள்வி: கோடையில் காரில் வைத்திருந்த வயலினின் ஓரம் பிரிந்துவிட்டது. ஒரு வருட உத்தரவாதம் இருக்கிறது. கேட்கலாமா? (சென்னை வாசகர்)

பதில்: கேட்டால் கிடைக்காது, கேட்பதும் நியாயமில்லை. சாத்திய காரின் சூட்டில் வஜ்ஜிரம் இளகும். ஓரம் விட்டதே உங்கள் நல்ல காலம். விடாமல் இருந்திருந்தால் பலகை பிளந்திருக்கும். மறுபடி ஒட்டுவது சின்ன வேலைதான். வெயிலுக்கும் ஏசிக்கும் மாறி மாறிப் போகும் சபாக் காலத்தில், உள்ளே போனதும் பெட்டியைத் திறக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருங்கள்.

கேள்வி: கடையில் பிரமாதமாக ஒலித்த வயலின் வீட்டில் கச்சேரி சுருதிக்கு இறக்கினால் மந்தமாகிவிடுகிறது. ஏமாற்றிவிட்டார்களா? (திருச்சி வாசகர்)

பதில்: இல்லை. முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் காலம் முதல் நம் இசைக்கு எடுத்துக்கொண்ட வயலின், செய்யப்படுவது இன்னமும் மேற்கத்திய சுருதியை மனதில் வைத்துத்தான். தந்தியின் இழுவிசை, பிரிட்ஜ், சவுண்ட் போஸ்ட் நிற்கும் இடம் எல்லாம் அதற்குப் பொருத்தியவை. நாம் பாடகரின் சுருதிக்கு ஸ, ப, ஸ, ப என்று தாழ்த்திக் கட்டுகிறோம். தந்தி தொய்ந்தால் பலகைமேல் அழுத்தம் குறைந்து நாதம் உள்ளேயே போய்விடும். கொஞ்சம் தடித்த தந்தி போட்டு, கர்நாடக வயலின் பழகியவரிடம் சவுண்ட் போஸ்டை நகர்த்தி வைக்கச் சொல்லுங்கள். அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலே வித்தியாசம் தெரியும். அடுத்த தடவை வாங்கப் போகும்போது சுருதிப் பெட்டியைக் கையோடு கொண்டுபோய், உங்கள் சுருதிக்கு இறக்கி, உட்கார்ந்து வாசித்துப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். கடைக்காரர் தரையில் பாய் விரிக்கத் தயங்கினால் வேறு கடைக்குப் போகலாம்.