உள்ளூர் வரலாறு கற்பிக்க இணைய மூலச் சான்றுகள் எப்படி உதவும்?

மூலச் சான்று என்பது நிகழ்ந்த காலத்திலேயே பதிவான சாட்சி: கல்வெட்டு, செப்பேடு, கடிதம், நிலக்கணக்கு. தலைமடையில் தெளிவாகப் பாயும் காவிரி, கடைமடைக்கு வருவதற்குள் வழியெங்கும் உள்ள மண்ணையும் சேர்த்துக்கொள்கிறது. பலர் கைமாறிய வரலாறும் அப்படித்தான். அதனால்தான் தலைமடைக்குப் போக வேண்டும்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ இரண்டாம் தொகுதியில் அச்சாகி, இன்று இணையத்திலும் கிடைக்கின்றன. அதில் ராஜராஜன் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் (கோயிலையொட்டிய தெருக்களில் வாழ்ந்து கோயில் பணி செய்த பெண்களின்) பட்டியலை வகுப்பில் திறந்து பாருங்கள். தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, தலைவீடு என்று வீட்டு வரிசையோடு ஒவ்வொரு பெண்ணின் பெயரும், எந்தக் கோயிலிலிருந்து வந்தாள் என்பதும் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 100 கலம் நெல். திருவாரூர், நாகப்பட்டினம், திருவையாறு என்று தங்களுக்குத் தெரிந்த ஊர்களை மாணவர்கள் தாங்களே கண்டெடுத்து வரைபடத்தில் குறிக்கட்டும். ஆயிரம் ஆண்டு பழமை அந்தக் கணத்தில் பக்கத்துத் தெருவாகிவிடும். எனக்கு இதைவிடப் பிடித்த பாடம் வேறில்லை.

மூலச் சான்று என்றாலே முழு உண்மை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அது எழுதச் சொன்னவரின் பார்வை மட்டுமே, அந்த நெல்லை நட்டு அறுத்தவர்களின் பெயர்கள் இந்தப் பட்டியலில் இல்லை.