சுவரில் மாட்டிய படமும் காயப்போட்ட அப்பளமும்

கேள்வி: அண்ணாச்சி, அண்ணனும் நானும் கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடுகிறோம். மாவு பிசைவது முதல் பாக்கெட் போடுவது வரை 22 பேர். சென்னையில் வேலை பார்க்கும் மருமகன் கம்ப்யூட்டரில், யாருக்குக் கீழே யார் என்று காட்டும் 'ஆர்கனைசேஷன் சார்ட்' போட்டு ஆபீஸ் அறையில் மாட்டினான். அன்றிலிருந்து சண்டைதான். போன வாரம் மேகம் திரண்டபோது, காயப்போட்டதை யார் எடுக்கச் சொல்வது என்று தெரியாமல் ஒரு தட்டடி (மொட்டை மாடி) நிறைய இருந்த அப்பளம் நனைந்துபோனது. சார்ட்டைக் கிழித்துவிடலாமா?
- ஒரு வாசகர்

பதில்: கிழிக்க வேண்டாம் தம்பி. கழற்றிப் பென்சிலால் திருத்துங்கள்.

நான் ஒரு நூற்பாலையில் மெயின்டனன்ஸ் பார்த்தவன். ஒரு ராத்திரி ஷிப்டில் காற்றை ஈரமாக்கும் பிளான்டின் பம்ப் நின்றுவிட்டது. காற்று காய்ந்ததும் நூல் அறுந்துகொண்டே இருந்தது. நூற்கும் மெஷின் பக்கம் நிற்பவர்கள் ஓடி ஓடி அறுந்த நூலைக் கட்டினார்கள். எலக்ட்ரீஷியன் ஐம்பது தப்படி தள்ளித்தான் இருந்தார். ஆனால் சார்ட்டில் அவர் இன்ஜினியருக்குக் கீழே, சூப்பர்வைசர் ஸ்பின்னிங் மாஸ்டருக்குக் கீழே. இரண்டு கோடும் சேரும் இடம் மேனேஜர் ஒருவர்தான். அவரோ வீட்டில் தூங்குகிறார். விடியும்வரை ஒருவரும் ஒருவரிடமும் சொல்லவில்லை. எனக்கு இன்னும் அந்த ராத்திரி மனசில் உறுத்துகிறது. மறுநாள் அந்த இருவருக்கும் நடுவே புள்ளிக்கோடு ஒன்று போட்டோம்: ராத்திரியில் சூப்பர்வைசர் கூப்பிட்டால் எலக்ட்ரீஷியன் போகலாம், காலையில் இன்ஜினியரிடம் சொன்னால் போதும். அவ்வளவுதான் மாற்றம்.

உங்கள் ஊர்ப்பக்கம் ஓடும் கன்னடியன் கால்வாயை நினைத்துப் பாருங்கள். அணைக்கட்டிலிருந்து கால்வாய், கால்வாயிலிருந்து குளம், குளத்து மடையிலிருந்து வயல். மேலிருந்து தண்ணீர் வருகிறது. கடைமடையில் தண்ணீர் ஏறவில்லை என்ற சேதி கீழிருந்துதான் மேலே போக வேண்டும். சார்ட்டும் அப்படித்தான். 1855-இல் அமெரிக்காவில் நியூயார்க் அண்ட் ஈரி ரயில்வேயில் டேனியல் மெக்கல்லம் என்ற சூப்பரின்டெண்டென்ட் போடவைத்த சார்ட் ஒரு மரம் போல இருக்கும். முதலாளிமார் அதில் உச்சியில் இல்லை, வேரில் இருக்கிறார்கள். கிளைகளில் நிற்பவர்களிடமிருந்து தகவல் ஒழுங்காக வர வேண்டும் என்பதுதான் அவர் கவலை. மருமகன் போட்ட படத்தில் பதவி மட்டும் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஒவ்வொருவரிடமும் இரண்டே கேள்வி கேளுங்கள்: தினமும் யாரிடம் கேட்கிறாய்? யாருக்குச் சொல்கிறாய்? பதிலைக் கோடாகப் போடுங்கள். தென்காசிக் கடையிலிருந்து ஆர்டர் வந்தால், போனை எடுத்தவர் மாவு பிசைகிறவருக்கு நேராகச் சொல்ல ஒரு கோடு வேண்டும். மழை வந்தால் காயப்போடும் அக்காதான் முடிவு செய்ய வேண்டும். உங்கள் அண்ணன் வரக் காத்திருக்கக் கூடாது. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில், அவர் லீவு போட்டால் பார்ப்பவர் பெயரும் போன் நம்பரும் எழுதுங்கள். மாவு எடுத்துப்போய் வீட்டில் தேய்க்கும் பெண்கள் இருந்தால் அவர்களையும் சேருங்கள், அவர்களும் உங்கள் ஆட்கள்தான். அப்புறம், ஆபீஸ் அறையில் மாட்டாதீர்கள். மாவு பிசையும் இடத்தில் ஒட்டுங்கள்.

கேள்வி: ஒருவருக்கு இரண்டு மேலதிகாரி இருக்கலாமா?
- பேட்டை வாசகி

பதில்: இருக்கலாம்மா. ஆனால் இருவரும் வேறு வேறு வேலை சொன்னால் எதை முதலில் செய்வது என்பதை அவர்கள் இருவரும் பேசி முடிக்க வேண்டும். நடுவில் இருப்பவர் தலையில் அதைக் கட்டக் கூடாது.