வாங்கும் முன் ஒரு கேள்வி: பாட்டை வெட்டித் தைக்க எவ்வளவு செலவாகும்?

கே: கல்யாண வீடியோ எடுக்கிறேன். ஹைலைட் மூன்றரை நிமிடம், பாட்டு 4 நிமிடம் 40 விநாடி. பாட்டைத் தானாக வீடியோவுக்குப் பொருத்தித் தரும் என்று 40,000 ரூபாய் சாஃப்ட்வேர் ஒன்றைச் சொல்கிறார்கள். வாங்கலாமா? (ஈரோடு)

ப: வேண்டாம். அதில் அரேஞ்சர் டிராக் என்று ஒன்று இருக்கும். பல்லவி, சரணம் என்று பெட்டி போட்டு, பெட்டியை நகர்த்தினால் அதன் கீழுள்ள அத்தனை டிராக்கும் (ஒவ்வொரு வாத்தியத்துக்கும் குரலுக்கும் தனித்தனி வரிசை) சேர்ந்து நகரும். முப்பது டிராக்கில் சொந்தமாக இசை அமைப்பவருக்கு அது வரப்பிரசாதம். உங்களிடம் இருப்பது ஒரே ஒரு பாட்டு ஃபைல். கத்தரிக்கோல் போதும், தையல் மெஷின் எதற்கு?

பாட்டின் வேகம் 96 பிபிஎம் (நிமிடத்துக்கு 96 தட்டு), நான்கு தட்டுத் தாளம் என்று வையுங்கள். நான்கு தட்டு சேர்ந்தது ஒரு பார், அது இரண்டரை விநாடி. 4:40 என்றால் 112 பார், உங்கள் வீடியோ 84 பார். அதிகம் 28. பாட்டை எண்ணிப் பாருங்கள்: முன்னிசை 8, பல்லவி 16, இடையிசை 12, சரணம் 16, மறுபடி பல்லவி 16, இரண்டாம் இடையிசை 12, இரண்டாம் சரணம் 16, கடைசிப் பல்லவி 16. இரண்டாம் இடையிசையையும் இரண்டாம் சரணத்தையும் எடுத்தால் சரியாக 28 போய்விடும்! பல்லவி அடுத்தடுத்து இரண்டு முறை வரும்தான், தாலி கட்டும் நேரத்தில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

தாலி 2:05இல் ஏறுகிறது, பல்லவி 2:10இல்தான் திரும்புகிறது என்றால்? முதல் இடையிசையில் இரண்டு பாரைக் கழியுங்கள். அந்த ஐந்து விநாடி கடைசியில் மிஞ்சும், அதில் மணமக்கள் பெயரைப் போடலாம். பாடகர் சில சமயம் தட்டுக்கு முன்பே எடுப்பார், அந்த அரைச் சொல்லை வெட்டிவிடாதீர்கள். உங்கள் பாட்டின் பார் கணக்கு வேறாக இருக்கும், எண்ணும் முறை இதேதான்.

இதற்கு ரீப்பர் என்ற ஒலி வெட்டி ஒட்டும் மென்பொருள் போதும். 60 நாள் பார்த்துவிட்டு வாங்கலாம். ஆண்டு வருமானம் 20,000 டாலரைத் தாண்டாத தொழிலுக்கு 60 டாலர்தான். நானும் ஒரு தள்ளுபடியில் மயங்கி, ஒரு இசை மென்பொருளின் இருப்பதிலேயே பெரிய பதிப்பை வாங்கியவன். கூட வந்த வாத்திய ஒலித்தொகுப்பு டவுன்லோட் ஆக மூன்று நாள் ஆனது. அதில் இன்றுவரை தொட்டது ஒரு புல்லாங்குழலை.

கே: இசை அமைக்க எஃப்எல் ஸ்டுடியோ மென்பொருளின் ஃப்ரூட்டி பதிப்பு வாங்கினேன். பாட்டு ஃபைலை பிளேலிஸ்டில் போட முடியவில்லை. ஏமாற்றிவிட்டார்களா? (மதுரை)

ப: இல்லை. பல ஆண்டுகளாக அந்தப் பதிப்பில் ஆடியோ கிளிப் (பாட்டு ஃபைலை பிளேலிஸ்டில் போடும் வசதி) கிடையாது என்று பதிப்புகளின் ஒப்பீட்டுப் பட்டியலிலேயே போட்டிருந்தார்கள். பணம் கட்டிய பிறகு படிப்பதற்கா அந்தப் பட்டியல்?

கே: பழைய மேக்புக், லாஜிக் ப்ரோ என்ற ஆப்பிள் இசை மென்பொருளோடு சேர்த்து என்று கடையில் வாங்கினேன். அப்டேட் செய்யப் போனால் யாரோ ஒருவரின் ஆப்பிள் ஐடிக்கு பாஸ்வேர்டு கேட்கிறது. கடைக்காரர் போனை எடுப்பதில்லை. குறும்படத்துக்கு இசை சேர்த்துத்தான் பிழைக்கிறேன். (திருச்சி)

ப: மனம் கஷ்டமாக இருக்கிறது. தவறு உங்களுடையது இல்லை. ஆப் ஸ்டோரில் வாங்கிய லாஜிக், வாங்கியவரின் ஐடியோடு ஒட்டிக்கொண்டது. அதைக் கைமாற்றி விற்கக் கடைக்காரருக்கு உரிமையே இல்லை. விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பில், பணம் அனுப்பிய ரசீது மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யுங்கள். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமில்லை, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். ‘தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல’ என்று அவர் தரப்பில் சொல்வார்கள். சொந்த உழைப்பில் பிழைக்க வாங்கியவர் நுகர்வோர்தான் என்று 2019ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. அதுவரை வேலை நிற்க வேண்டாம்: உங்கள் சொந்த ஐடியில் ஆப்பிளின் இன்னொரு இசை மென்பொருளான கராஜ்பேண்ட் இலவசம். படத்தைத் திறக்கும், பகுதி பகுதியாக நகர்த்தவும் வசதி உண்டு.

கே: நண்பர் இசை மென்பொருளுக்கு ‘லைஃப்டைம் கிராக்’ (பூட்டை உடைத்த நகல்) தருகிறேன் என்கிறார், 500 ரூபாய்தான். (சேலம்)

ப: திருட்டுக்கு ரசீதும் தருவாரா?

கே: போனில் எடுத்த 40 நிமிட நிகழ்ச்சி. தனியாகப் பதிந்த ஒலி ஆரம்பத்தில் பொருந்துகிறது, போகப் போக விலகுகிறது. புது ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். (நாகர்கோவில்)

ப: அவர் விற்கத்தான் சொல்வார். பெரும்பாலும் போன் வீடியோவில் ஃபிரேம் வேகம் (விநாடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) நிலையாக இருப்பதில்லை. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நிலையான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிவிட்டு, ஒலியின் சாம்பிள் ரேட்டை 48 கிலோஹெர்ட்ஸில் வைத்துச் சேர்த்துப் பாருங்கள். அப்புறமும் விலகினால் எழுதுங்கள். அதுவரை பர்ஸைத் திறக்க வேண்டாம்.