கதிர்வீச்சுக்குப் பிறகு ஆக்சிஜன் அறை: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: அப்பாவுக்கு வாய்ப்புற்றுக்காகச் சில வருஷங்களுக்கு முன்னால் கரண்ட் வைத்தார்கள். இப்போது கீழ்க் கடைவாய்ப் பல்லை எடுக்க வேண்டும். அதற்கு முன் ஆக்சிஜன் அறைக்கு (அதிக அழுத்தத்தில் சுத்த ஆக்சிஜனைச் சுவாசிக்க வைக்கும் அறை) போயே ஆக வேண்டும் என்கிறார்கள். அவசியமா?

பதில்: "போயே ஆக வேண்டும்" என்று நான் சொல்ல மாட்டேன். கதிர்வீச்சு பட்ட இடத்தில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல அடைபடும். கீழ்த்தாடைக்கு ஏற்கெனவே ரத்த ஓட்டம் குறைவு. அதனால் பல் எடுத்த குழி ஆறாமல் எலும்பு வெளியே தெரிந்து செத்துப்போகலாம். 1985இல் அமெரிக்காவில் ராபர்ட் மார்க்ஸ் குழு செய்த ஆய்வில், பென்சிலின் மட்டும் பெற்ற 37 பேரில் 11 பேருக்கு இது வந்தது. ஆக்சிஜன் பெற்ற 37 பேரில் 2 பேருக்குத்தான். பல் எடுக்கும் முன் 20 முறை, பின் 10 முறை என்ற வழக்கம் வேரூன்ற இந்த ஆய்வு முக்கியக் காரணம். ஆனால் 2019இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வில் ஆக்சிஜன் பெற்றவர்களில் 6.4% பேருக்கும், பெறாதவர்களில் 5.7% பேருக்கும் இது வந்தது. வித்தியாசமே இல்லை.

அந்தப் பல் இருக்கும் இடத்தில் எத்தனை கிரே (கதிர்வீச்சின் அளவு) விழுந்தது என்று முதலில் கதிர்வீச்சு மருத்துவரிடம் கேளுங்கள். 60 கிரே அளவில் என்றால் ஆபத்து அதிகம். வேர் சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்ற முடியுமா என்றும் பாருங்கள். எடுத்தே தீர வேண்டுமென்றால், கதிர்வீச்சு பெற்ற தாடையில் அனுபவமுள்ள அறுவை மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: அம்மாவுக்குக் கர்ப்பப்பைவாய்ப் புற்று கரண்ட் வைத்துக் குணமாகிவிட்டது. இப்போது சிறுநீரில் ரத்தம் வருகிறது.

பதில்: இங்கே நான் தயங்காமல் ஆக்சிஜன் சிகிச்சையைப் பற்றிப் பேசுவேன். நார்டிக் நாடுகளில் நடந்து 2019இல் வெளிவந்த ஆய்வில், 30 முதல் 40 முறை எடுத்தவர்களுக்குச் சிறுநீர்த் தொந்தரவு நன்றாகவே குறைந்தது. ஆனால் முதலில் சிறுநீர்ப்பைக்குள் கேமரா வைத்துப் பார்த்து, புற்று திரும்பவில்லை, கிருமித்தொற்றும் இல்லை என்று உறுதி செய்யுங்கள். குடல் விஷயம் வேறு. மலக்குடல் புண்ணுக்குப் பலன் கிடைத்த ஆய்வு உண்டு. ஆனால் பொதுவான குடல் தொந்தரவுக்கு 2016இல் வந்த பிரிட்டன் ஆய்வில் பலன் தெரியவில்லை.

கேள்வி: கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்சிஜன் மெஷின் வீட்டில் இருக்கிறது. அது போதாதா?

பதில்: போதாது. ரத்த சிவப்பணுக்கள் ஏற்கெனவே கிட்டத்தட்ட நிரம்பித்தான் இருக்கின்றன. அறையின் வேலை வேறு: சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல 2 முதல் 2.5 மடங்கு அழுத்தத்தில் சுத்த ஆக்சிஜனை ரத்தத்தின் நீர்ப்பகுதியிலேயே கரைப்பது. 100 மில்லி ரத்தத்தில் சாதாரணமாக 0.3 மில்லிதான் கரைந்திருக்கும்; அறைக்குள் அது 4 மில்லியைத் தாண்டும். புதிய ரத்தக்குழாய் முளைக்க அது தூண்டுகிறது. அதற்கு நாள் பிடிக்கும். அதனால்தான் தினம் ஒன்றரை மணி நேரம், பல வாரங்கள்.

கேள்வி: ஆக்சிஜனால் புற்று மறுபடி வளர்ந்துவிடுமா? பயமாக இருக்கிறது.

பதில்: மனிதர்களிடம் செய்த ஆய்வுகளில் அப்படி அறிகுறி இல்லை.

கேள்வி: உள்ளே என்ன தொந்தரவு வரும்?

பதில்: பெரும்பாலும் காது அடைப்புதான். எச்சில் விழுங்குங்கள், மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதுங்கள். தூரப்பார்வை சில வாரம் மங்கலாம், பெரும்பாலும் தானே சரியாகும். அவசரப்பட்டுக் கண்ணாடி மாற்றாதீர்கள். சர்க்கரை நோயாளிகளுக்குச் சர்க்கரை இறங்கலாம், சாப்பிட்டுவிட்டுப் போங்கள். தீ அபாயம் என்பதால் தலைக்கு எண்ணெய் கூடாது, பருத்தித் துணி மட்டும். நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருந்தால் அதைச் சரி செய்யாமல் உள்ளே போகவே கூடாது.

கேள்வி: அண்ணனுக்கு அடுத்த மாதம்தான் கழுத்தில் கரண்ட் ஆரம்பிக்கிறது.

பதில்: இந்த வாரமே பல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். காப்பாற்ற முடியாத பற்களை இப்போதே எடுத்தால், சிகிச்சைக்கு முன் புண் ஆற இரண்டு, மூன்று வாரம் கிடைக்கும்.