விமான எரிபொருள் கமிஷனை நம்பி 14 லட்சம் கொடுத்துவிட்டேன், திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறேன். ஏற்காட்டில் ஒரு விடுதியில் அறிமுகமான புரோக்கர், ராட்டர்டாம் துறைமுக டேங்கில் 20 லட்சம் பேரல் 'ஜேபி54' விமான எரிபொருள் இருக்கிறது, வாங்க ஆளும் தயார், கமிஷனில் எனக்கும் பங்கு என்று சொல்லி, டேங்க் வாடகையை நீட்டிக்க 14 லட்சம் வாங்கினார். 10 லட்சம் ஆர்டிஜிஎஸ், 4 லட்சம் ரொக்கம். அதில் 5 லட்சம் என் மச்சானுடையது. இப்போது டேங்கில் உள்ள சரக்கை அளந்து பார்க்கும் 'டிப் டெஸ்ட்' செலவுக்கு இன்னும் 6 லட்சம் கேட்கிறார். கட்டாவிட்டால் ஒப்பந்தப்படி 50 லட்சம் நஷ்டஈடு என்கிறார். நம்பிக்கைக்காக அவர் கொடுத்த 14 லட்ச ரூபாய் செக் என்னிடம் இருக்கிறது. மச்சான் என் மேலேயே புகார் கொடுப்பேன் என்கிறார். என்ன செய்வது?

பதில்: அந்த 6 லட்சத்தைக் கட்டாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நீங்கள் அனுப்பிய பேப்பர்களைப் பார்த்தேன். 20 லட்சம் பேரல் என்றால் சுமார் 32 கோடி லிட்டர். நம் காமலாபுரம் விமான நிலையத்துக்கு வந்து போகிற ஏடிஆர் ரக விமானத்தின் டேங்கை ஐம்பதாயிரம் தடவை நிரப்பலாம். அவ்வளவு சரக்கு வைத்திருப்பவன், ஜாம்நகரிலிருந்து விமான எரிபொருளைக் கப்பல் கப்பலாக ஏற்றுமதி செய்கிற ஒரு நாட்டில், மளிகைக் கடைக்காரரிடம் டேங்க் வாடகைக்குக் கை நீட்டுவானா? 'ஜேபி54' என்ற பெயரே பெரிய சந்தேகம். விமான நிறுவனங்கள் வாங்குவது ஜெட் ஏ-1. இந்தியாவில் அதற்கு ஐஎஸ் 1571 என்று தர நிர்ணயமே இருக்கிறது. ஜேபி54 என்று எழுதி வரும் 'ஆஃபர்' உலகம் முழுக்க மோசடிக்காரர்களின் வழக்கமான சரக்கு. போலி டேங்க் கம்பெனிகளைப் பற்றி ராட்டர்டாம் துறைமுகமே வெளிப்படையாக எச்சரித்திருக்கிறது.

ஆனால் போலீஸ் ஸ்டேஷனில் ராட்டர்டாம் கதையைச் சொல்லிப் புரிய வைப்பது கஷ்டம். உங்கள் கையிலேயே அதைவிட நல்ல ஆதாரம் இருக்கிறது: அவர் கொடுத்த ப்ரொஃபார்மா இன்வாய்ஸ், அதாவது விற்பனைக்கு முன்பே கொடுக்கும் உத்தேச பில். அதில் மூன்றாவது வரியில் எரிபொருள் விலைக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி போட்டிருக்கிறார் பாருங்கள். விமான எரிபொருள் இன்னும் ஜிஎஸ்டிக்குள்ளேயே வரவில்லை. பெட்ரோல், டீசல் மாதிரி அதற்கும் மாநில வாட் வரிதான். கமிஷனுக்கு ஜிஎஸ்டி போட்டிருந்தால் ஏதோ அர்த்தம் இருக்கும், சரக்குக்கே போட்டிருப்பது இந்தத் தொழிலை எட்டிக்கூடப் பார்க்காதவர் செய்த வேலை. தவிர, விமான எரிபொருளை இந்தியாவில் விற்க மத்திய அரசின் அனுமதி வேண்டும், இறக்குமதியும் அப்படிப்பட்டவர்களுக்குத்தான். அந்த அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லி வாட்ஸ்அப்பில் ஒரு வரி கேளுங்கள். பதில் வராது, வராததும் ஆதாரம்தான்.

50 லட்சம் மிரட்டலுக்கு வருகிறேன். ஏமாற்றிக் கையெழுத்து வாங்கிய ஒப்பந்தத்தை ரத்து செய்ய ஏமாந்தவருக்கு இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 19 உரிமை கொடுக்கிறது. ஒப்பந்தம் செல்லும் என்றே வைத்துக்கொண்டாலும், பேப்பரில் ஒரு தொகையை எழுதிவிட்டால் அதை அப்படியே வசூலித்துவிட முடியாது, பிரிவு 74-ன்படி நியாயமான நஷ்டஈடுதான், அதற்கும் அவர் கோர்ட்டுக்கு வர வேண்டும். இவர் வரமாட்டார். மோசடியால் ஒப்பந்தத்தை ரத்து செய்கிறேன், பணத்தைத் திருப்பிக் கொடு என்று வக்கீல் நோட்டீஸ் ஒன்றை ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள், போதும்.

அதற்கும் முன்னால் அந்த செக். அதில் உள்ள தேதியிலிருந்து மூன்று மாதம் தாண்டினால் வெறும் காகிதம். இன்றே உங்கள் வங்கியில் போடுங்கள். நீங்கள் புகார் கொடுத்து போலீஸ் அவர் கணக்கை முடக்கிய பிறகு போட்டால், 'பணம் கொடுக்க முடியாதபடி கணக்கை முடக்கிவிட்டார்கள்' என்று அவர் தப்பிக்கப் பார்ப்பார், அதனால்தான் அவசரம். செக் திரும்பினால் வங்கி மெமோ கைக்கு வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அது அவருக்குக் கிடைத்த பின் 15 நாள் அவகாசம், அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் மாற்றுமுறை ஆவணச் சட்டம் பிரிவு 138-ன்படி செக் வழக்கு. உங்கள் வங்கிக் கிளை சேலத்தில் இருப்பதால் இங்கேயே போடலாம், அவர் ஊருக்கு அலைய வேண்டாம்.

செக்கைப் போட்ட கையோடு சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் செய்து அந்த ஆர்டிஜிஎஸ் விவரத்தைப் பதிவு செய்யுங்கள். பணம் அனுப்பி 20 நாள் ஆகிவிட்டதால் பணம் அதே கணக்கில் இருக்கும் என்று ஆசை காட்ட மாட்டேன், எந்தக் கணக்குக்குப் போனது என்ற தடமாவது கிடைக்கும். எழுத்துப் புகாரை மாநகர மத்திய குற்றப்பிரிவில் கொடுங்கள், ஏனென்றால் பணம் போனது செவ்வாய்ப்பேட்டையிலிருந்து. பேச்சு நடந்தது ஏற்காட்டில், மாவட்ட எஸ்பி எல்லைக்குப் போங்கள் என்று திருப்பி அனுப்பப் பார்த்தால், எல்லை எதுவானாலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்று பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 173 சொல்வதைப் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். 'இது சிவில் மேட்டர்' என்பதுதான் அடுத்து வரும் பதில். அதனால் புகாரின் முதல் பத்தியிலேயே ஜிஎஸ்டி இன்வாய்ஸும் இல்லாத அனுமதியும் வர வேண்டும், ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்டினால்தான் பிஎன்எஸ் (புதிய தண்டனைச் சட்டம்) 318(4) மோசடிப் பிரிவு நிற்கும். போலி ஆவணத்துக்கு 336(3), 340(2) சேரும். ரொக்கம் 4 லட்சத்தை மறைக்காதீர்கள். அன்று வங்கியில் பணம் எடுத்த சீட்டு இருக்கிறதல்லவா, அதை இணையுங்கள். வாட்ஸ்அப்பில் எதையும் அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். கோர்ட்டில் அந்தச் செய்திகளைக் காட்ட புதிய சாட்சியச் சட்டம் 63(4) சான்றிதழ் வேண்டும், அதற்கு அசல் போன் இருந்தால் நல்லது.

மச்சான் விஷயம். நீங்களும் அதே பேச்சை நம்பி 9 லட்சம் போட்டிருக்கிறீர்கள், அவரை ஏமாற்றும் எண்ணம் உங்களுக்கு இருந்ததாக யாரும் எளிதில் காட்ட முடியாது. ஆனால் அவர் பணம் உங்கள் கணக்கு வழியாகத்தான் போயிருக்கிறது, 'இரண்டே மாதத்தில் இரட்டிப்பு' என்று நீங்கள் அனுப்பிய மெசேஜும் இருக்கிறது, ஆக அவர் சிவில் வழக்குப் போட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அவருடைய 5 லட்சத்தைத் தனியாகக் குறிப்பிட்டு அவரையும் புகாரில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். வீட்டில் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, கோபத்தைத் தணிக்க ஒரு புரோநோட்டில் கையெழுத்துப் போடு என்பார்கள், போட்டுவிடாதீர்கள். கொடுக்க மனசிருந்தால் முடிந்ததை வங்கி வழியாகக் கொடுங்கள்.