மாதம் 90,000 கட்டலாம் என்று அவரிடம் ஏன் சொன்னீர்கள்?

கேள்வி: நான் திருகோணமலை உப்புவெளியில் வசிக்கும் அரச ஊழியர். மனைவி ஆசிரியை. இருவருக்கும் மாதம் கைக்கு வருவது ஏறக்குறைய 1 லட்சத்து 85 ஆயிரம். கனடாவில் இருக்கும் அண்ணன் ஜூலையில் குடும்பத்தோடு மூன்று கிழமைக்கு வருகிறார். அதற்குள் ஒரு கேம்பர் வான் வாங்கிவிடு, 30 லட்சம் நான் தருகிறேன் என்கிறார். நகருக்கு வெளியே ஒரு வாகன விற்பனை நிலையத்தில் படுக்கை, சிங்க், சின்ன ஃபிரிட்ஜ் எல்லாம் பூட்டிய டொல்பின் (டொயோட்டா ஹையேஸ்) வான் ஒன்று நிற்கிறது. கண்ணாடியில் ஒட்டிய தாளில் 68 லட்சம் என்று எழுதியிருந்தது. வட்ஸ்அப் வீடியோவில் அண்ணனுக்குக் காட்டினேன். 25 வீதம் குறைக்கச் சொல்லு, இங்கே அப்படித்தான் வாங்குவார்கள் என்றார். கேட்டேன், முதலாளி சிரித்துவிட்டார். பிறகு 2 லட்சம் குறைத்து 66க்கு வந்தார். மிகுதி 36 லட்சத்துக்கு அவரே லீசிங் (வாகனத் தவணைக் கடன்) எடுத்துத் தருவார், வட்டி 10 வீதம். 48 மாதமென்றால் மாதம் 1 லட்சத்து 5 ஆயிரம் வரும் என்றார். 90,000க்கு மேல் முடியாது என்றேன். உடனே 60 மாதமாக்கி 90,000க்குக் கொண்டுவந்தார். 50,000 முற்பணம் கொடுத்துவிட்டேன். லீசிங் பத்திரத்தில் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை. அண்ணன் இல்லாத காலத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கு நாளுக்கு 15,000 என்று வாடகைக்கு விடலாமாம். இதே வருட வான் ஒன்றும் பூட்டாமல் இக்மன் விளம்பரத் தளத்தில் 52 முதல் 55 லட்சம் வரை இருக்கிறது. உள்வேலைக்கு இங்கே ஒரு தச்சரைக் கேட்டேன், புதிதாகச் செய்ய 6 லட்சம் என்றார். இரவில் நித்திரை இல்லை. நான் சரியான விலைக்குத்தான் வாங்குகிறேனா?

பதில்: இல்லை. ஆனால் கையெழுத்து வைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவரை நல்லது. இந்தப் பதிலை வாசித்து முடிக்கும் வரை பேனாவைத் தொடாதீர்கள்.

விலை கேட்டு ஒப்பிடும் வேலையை நீங்கள் ஒழுங்காகவே செய்திருக்கிறீர்கள். இக்மனில் பார்த்திருக்கிறீர்கள், தச்சரிடம் போய்க் கேட்டிருக்கிறீர்கள். அதைப் பற்றி உங்களுக்குச் சொல்லித்தர ஒன்றுமில்லை. தவறு நடந்தது, அந்த முற்றத்தில் நின்றுகொண்டு "மாதம் 90,000 கட்டலாம்" என்று வாயைத் திறந்த இடத்தில்தான். எனக்கு வரும் வாகனக் கடிதங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு வசனம் இருக்கிறது. தவணையைச் சொன்ன நிமிடத்தில் விலை பற்றிய பேச்சு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு விற்பவர் செய்ய வேண்டியது மாதங்களைக் கூட்டுவது மட்டுமே.

கணக்கைப் பருமட்டாகப் போட்டுப் பார்ப்போம். 36 லட்சத்துக்கு 10 வீதம் என்றால் வருடம் 3 லட்சத்து 60 ஆயிரம் வட்டி. ஐந்து வருடத்துக்கு 18 லட்சம். முதலும் வட்டியும் 54 லட்சம். அறுபதால் பிரித்தால் உங்கள் 90,000. இப்போது அவர் குறைத்த 2 லட்சத்தை மறந்துவிடுங்கள். பழைய விலை 68க்கே வாங்கி, 38 லட்சம் லீசிங் எடுத்து, நாலு வருடத்தில் கட்டியிருந்தால் வட்டி 15 லட்சத்து 20 ஆயிரம், மொத்தம் 53 லட்சத்து 20 ஆயிரம். விலை குறைத்து வாங்கிய பிறகு நீங்கள் கட்டப்போவது அதைவிட 80,000 கூட. அந்த 2 லட்சம் அவருடைய கையை விட்டுப் போனது உண்மைதான். ஆனால் அதைக் காட்டி உங்களை ஐந்தாவது வருடத்துக்குள் இழுத்துவிட்டார்கள்.

அந்த 10 வீதத்தையும் கொஞ்சம் பாருங்கள். அது ஃபிளாட் வட்டி. மூன்றாவது வருட முடிவில் முதல் தொகையில் பாதிக்கு மேல் கட்டியிருப்பீர்கள். அப்போதும் முழு 36 லட்சத்துக்கும் வட்டி போட்டபடியே இருப்பார்கள். குறைந்து போகும் மீதிக்கு மட்டும் வட்டி என்று கணக்கிட்டால் இது 17 வீதத்துக்கும் மேல். வங்கியில் 15 வீதம் என்று கேட்டுப் பயந்து, இங்கே 10 வீதம் என்று ஓடிவருபவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். இரண்டு வேறு அளவுகோல்களை வைத்து ஒப்பிடுகிறார்கள். லீசிங் எடுத்துத் தரும் விற்பனை நிலையத்துக்குப் பெரும்பாலும் அந்த நிறுவனத்திடமிருந்து ஒரு தரகுக் காசும் போகும். கடன் பெரிதானால் தரகும் பெரிதாகும். அப்படியிருக்க அவர் ஏன் விலையைக் குறைக்கப் போகிறார்?

இனி அண்ணன். அவர் ஆசையோடு காசு தருகிறார், நான் மதிக்கிறேன். ஆனால் அந்த வீடியோ அழைப்பை யோசித்துப் பாருங்கள். முதலாளி பக்கத்தில் நிற்கிறார். ஸ்பீக்கரில் அண்ணனின் குரல். 30 லட்சம் ரொக்கம் வருகிறது என்பது முதலாளியின் காதில் விழுந்தது. ஜூலைக்குள் வேண்டும் என்பதும் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் மாதம் 90,000 என்று உங்கள் வாயாலேயே கேட்டார். காசு எவ்வளவு, அவசரம் எவ்வளவு, தாங்கும் சக்தி எவ்வளவு என்ற மூன்றையும் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டுத்தான் பேரம் தொடங்கியிருக்கிறீர்கள். இத்தனைக்குப் பிறகும் 2 லட்சம் குறைந்ததே பெரிது.

அண்ணன் சொன்ன 25 வீதம் பொய்யில்லை. அது அவருடைய ஊர்க் கணக்கு. வட அமெரிக்காவில் புதிய வாகனங்களுக்குத் தயாரிப்பாளரே ஒரு பரிந்துரை விலை வைத்திருப்பார். அமெரிக்காவில் 1958இல் வந்த சட்டத்தின்படி புதிய கார்களின் கண்ணாடியில் அந்த விலை ஒட்டியிருக்க வேண்டும். தூங்கி எழும்பும் வசதியுள்ள வீட்டு வாகனங்களில் அந்த விலைக்கும் விற்பவர் வாங்கிய விலைக்கும் இடைவெளி அதிகம். அதனால் அங்கே இருபது, இருபத்தைந்து வீதம் கேட்பது வழக்கம். இலையுதிர் காலம் வந்து ஊர் சுற்றும் நாட்கள் முடிந்தால் இன்னும் இறங்குவார்கள். நம் ஊர் முற்றத்தில் நிற்கும் பழைய வானுக்குத் தயாரிப்பாளர் விலை எங்கே இருக்கிறது? கண்ணாடியில் மார்க்கர் பேனாவால் எழுதியிருந்த 68, முதலாளி காலையில் நினைத்த எண். அதிலிருந்து வீதம் கழித்தால் அவர் சிரிக்கத்தான் செய்வார். அடுத்தவர் 80 என்று எழுதிவைத்துவிட்டு 25 வீதம் கழித்து 60க்குத் தந்தால் உங்கள் அண்ணனுக்குச் சந்தோஷமாக இருக்கும், வான் அதே வான்தான்.

இங்கே கீழிருந்து மேலே கட்டிக்கொண்டு போக வேண்டும். அதற்கான கல் எல்லாம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஒன்றும் பூட்டாத வான் 52 முதல் 55. அதுவும் கேட்கும் விலை, கொடுத்த விலையில்லை. 53 என்று வையுங்கள். உள்வேலை புதிதாக 6 லட்சம், இது யாரோ பாவித்த பழைய வேலை, பாதி போடுங்கள். 56. வேலை சுத்தமாக இருந்து, காத்திருக்க மனமில்லாவிட்டால் 60 வரை போகலாம். அதற்கு மேல் ஒரு சதமும் இல்லை. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து 2025 தொடக்கத்தில் திரும்பத் திறக்கும் வரை பழைய வான்கள் எந்த விலைக்குப் போயின என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் கூடின விலைக்கு எடுத்து மாட்டிக்கொண்ட வியாபாரிகள் இருக்கிறார்கள். "நான் எடுத்த விலையே இவ்வளவு" என்பார்கள். உண்மையாகவே இருக்கலாம். அந்த நட்டத்தை நீங்கள் ஏற்க வேண்டிய கட்டாயம் கிடையாது.

60க்கு முடிந்தால் என்ன ஆகும்? லீசிங் 30 லட்சம். அதே 10 வீதம், நாலு வருடம். வட்டி 12 லட்சம், மொத்தம் 42 லட்சம், மாதம் 87,500. உங்கள் 90,000க்குள் வந்துவிட்டது, ஒரு வருடம் முன்னரே முடிகிறது, மொத்தத்தில் 12 லட்சம் மிச்சம். விலையைப் பேசியிருந்தால் தவணை தானாக வந்திருக்கும் என்று நான் சொல்வது இதைத்தான்.

இனிப் போகும்போது அண்ணனை அழைக்க வேண்டாம், மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போங்கள். உள்ளே ஏறும் முன் கண்ணாடியைப் பாருங்கள். விலைத் தாளை ஒட்டிய டேப் மஞ்சளாகி, நுனி சுருண்டு, மார்க்கர் எழுத்து வெயிலில் வெளிறியிருக்கிறதா? பக்கத்தில் இருக்கும், வருடாவருடம் புதுப்பிக்கும் வருமான அனுமதிப்பத்திரத்தின் திகதி எப்போது முடிந்தது? நாலைந்து மாதம் முன்பே முடிந்திருந்தால் அந்த வான் அத்தனை மாதமாக ஒருவரும் எடுக்காமல் நிற்கிறது என்று ஓரளவு நம்பலாம். விற்காமல் நிற்கும் வாகனம் முதலாளியின் காசை விழுங்கிக்கொண்டிருக்கும். இதைப் பார்த்தபின் உங்கள் குரலே மாறிவிடும்.

உள்ளே போனால் படுக்கைப் பலகையைத் தூக்கச் சொல்லுங்கள். தண்ணீர்த் தாங்கிக்கும் சிங்குக்கும் கீழே இருக்கும் தரையை விரலால் அழுத்துங்கள். போன வருடம் ஒருவருக்காக நிலாவெளிப் பக்கம் நானும் ஒரு வான் பார்க்கப் போயிருந்தேன். மேலே புது ரெக்சின், அழகான தையல், மெத்தையில் வாசனை. பலகையைத் தூக்கினால் ஒட்டுப்பலகை நனைந்த பிஸ்கட் மாதிரி விட்டுக்கொடுத்தது, அதற்குக் கீழே தகட்டில் துரு. நம் கடற்கரை உப்புக்காற்றில் நின்ற வாகனமென்றால் சசியை (அடிச்சட்டத்தை) அடியில் படுத்துப் பார்க்காமல் விலை சொல்லவே கூடாது. கண்ட ஒவ்வொரு குறைக்கும் திருத்தச் செலவு எவ்வளவு என்று மெக்கானிக்கை அங்கேயே கேளுங்கள். முதலாளிக்கும் கேட்கட்டும். வீதம் கேட்டுச் சிரித்தவர் இந்தக் கணக்குக்குச் சிரிக்கமாட்டார்.

பதிவுப் புத்தகத்தையும் கேளுங்கள். ஆசனங்களைக் கழற்றிப் படுக்கை பூட்டியதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அனுமதி எடுத்துப் புத்தகத்தில் மாற்றியிருக்கிறார்களா? புத்தகத்தில் ஒன்று, வானுக்குள் வேறொன்று என்றால் விபத்து நடந்த நாளில் காப்புறுதிக்காரர் அதைத்தான் முதலில் தூக்கிப் பிடிப்பார். வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால் காப்புறுதியை அப்படியே சொல்லி எடுக்க வேண்டும், கட்டணம் கூடும்.

வாடகை பற்றி நான் கடுமையாகவே சொல்கிறேன், கோபிக்காதீர்கள். கேம்பர் வான் இப்போது ஒரு மோகம். படங்களில் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. நம் பக்கத்துப் பருவம் மே முதல் செப்டெம்பர் வரை. நவம்பர் மழை தொடங்கினால் உப்புவெளி ஹோட்டல்களிலேயே அறைகள் காலியாகக் கிடப்பதை நீங்கள் வாசலில் நின்று பார்க்கிறீர்கள். மாதம் 6 நாள் ஓடினால் 90,000. ஐந்து மாதத்துக்கு நாலரை லட்சம். வருடத் தவணை 10 லட்சத்து 80 ஆயிரம். மீதி 6 லட்சத்து 30 ஆயிரமும் உங்கள் இருவரின் சம்பளத்திலிருந்து போகும். காப்புறுதி, டயர், திருத்தம் எதையும் நான் இன்னும் சேர்க்கவில்லை. 1 லட்சத்து 85 ஆயிரத்தில் 90,000 போனால் மிகுதியில் வீடு நடக்குமா என்று மனைவியிடம் கேளுங்கள். கடிதத்தில் அவருடைய கருத்து ஒரு வரியில்கூட இல்லை, அது எனக்கு உறுத்துகிறது.

அண்ணனிடம் இரண்டு விடயம் பேச வேண்டும். 30 லட்சம் அன்பளிப்பா, பங்கா? பங்கென்றால் தவணையிலும் அவருக்குப் பங்கு உண்டு. அவர் நிற்பது மூன்று கிழமை, தவணை வருவது 60 மாதம். இரண்டாவது, ஜூலை என்ற கெடு. ஜூலைக்கு வாடகை வான் ஒன்றை மூன்று கிழமைக்குப் பிடியுங்கள். நீங்கள் சொன்ன அதே 15,000 கணக்கில் 3 லட்சத்துக்குச் சற்று மேல் வரும், அதையும் அண்ணனே தரட்டும். கோணேஸ்வரம், கன்னியா, புறாமலைக்குப் போக நிலாவெளி எல்லாம் அதில் சுற்றலாம். அந்த வாகனத்தில் படுத்து எழும்பிப் பார்த்த பிறகும் ஆசை இருந்தால் டிசம்பர் மழையில் போய் விலை கேளுங்கள். அப்போது முற்றத்தில் உங்களைத் தவிர வேறு யாரும் நிற்கமாட்டார்கள்.

முதலாளியிடம் இப்போது சொல்ல வேண்டியது சுருக்கம்: "லீசிங்கை நான் வெளியே பார்த்துக்கொள்கிறேன், வானின் ரொக்க விலை எவ்வளவு?" தவணை என்று அவர் தொடங்கினால் திரும்பவும் இதே கேள்வி. அதற்கு முன் உங்கள் சம்பளம் போகும் வங்கியிலும் இன்னொரு இடத்திலும் 30 லட்சத்துக்கு எழுத்தில் விபரம் எடுங்கள். மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும், இடையில் முடித்தால் எவ்வளவு கழிப்பார்கள் என்ற இரண்டும் அதில் இருக்க வேண்டும்.

கொடுத்த 50,000ஐ நினைத்துத்தான் நித்திரை போகிறதென்று ஊகிக்கிறேன். அதைக் காப்பாற்றப் போய் 12 லட்சத்தை விடாதீர்கள். ரசீதில் "திருப்பித் தரப்படமாட்டாது" என்று எழுதியிருக்கிறதா, வெறும் தொகையும் கையெழுத்தும்தானா என்று பாருங்கள். லீசிங் கிடைத்தால் மட்டும் வாங்குவதாகப் பேசியிருந்தீர்களா என்பதும் முக்கியம். ரசீதை இரண்டு பக்கமும் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள், அதைப் பார்த்துவிட்டு அவரிடம் எப்படிக் கேட்பது என்று எழுதுகிறேன்.