எச்.ஐ.வி. சிகிச்சை: மாத்திரை மட்டும் போதுமா?

கேள்வி: எனக்கு வயது 31. எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. உடனே சிகிச்சை தொடங்கினார்கள். மாத்திரையை ஒருநாளும் விட்டதில்லை. வீட்டில் அக்காவுக்கு மட்டுமே விஷயம் தெரியும். ஆலோசகரைப் பாருங்கள், தொற்றுள்ளோர் குழுவில் சேருங்கள் என்று மையத்தில் சொல்கிறார்கள். தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயத்தில் மாத்திரையை வாங்கியதும் கிளம்பிவிடுகிறேன். திருமணம், குழந்தை என்று நினைத்தாலே தூக்கம் போய்விடுகிறது. அங்கே போனால் என்னதான் செய்வார்கள்?

பதில்: எட்டு மாதங்களாக ஒருநாளும் மாத்திரையை விடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் தூக்கம் போய்விடுகிறது என்ற அந்த வரிக்கு மாத்திரையில் மருந்து இல்லை. ஆலோசனையும் சிகிச்சையின் ஒரு பகுதிதான். அதை வேண்டாம் என்று விடுவது பாதிச் சிகிச்சையோடு திரும்பிவிடுவதைப் போன்றது.

ஆலோசகர் உங்களை உட்காரவைத்து அறிவுரை சொல்வார் என்று நினைக்க வேண்டாம். நல்ல ஆலோசகர் முதலில் கேள்வி கேட்பார். மாத்திரையை எங்கே வைக்கிறீர்கள்? வெளியூர் போனால் என்ன செய்கிறீர்கள்? யாராவது பார்த்துவிட்டால் என்ன சொல்வீர்கள்? பையில் டப்பா குலுங்கும் சத்தத்துக்குப் பயந்து மாத்திரையை எடுத்துப் போகாதவர்கள் இருக்கிறார்கள். உள்ளே கொஞ்சம் பஞ்சு வைத்தால் சத்தம் வராது என்பதை அங்கேதான் தெரிந்துகொள்வார்கள். வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்றும் கேட்பார். இது முக்கியம். உங்கள் மாத்திரையில் டோலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து இருந்தால், வெறும் வயிற்றில் அதனுடன் கால்சியம் அல்லது இரும்புச்சத்து மாத்திரையைச் சேர்த்துச் சாப்பிடக் கூடாது. ரத்தத்தில் சேரும் மருந்தின் அளவு குறைந்துவிடும். டோலுடெக்ராவிரை அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் கழித்தோ சாப்பிட வேண்டும்.

உங்கள் கடிதத்தில் நான் தேடிய ஒன்று இல்லை: வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் எவ்வளவு வைரஸ் இருக்கிறது என்ற பரிசோதனையின் முடிவு. சிகிச்சை தொடங்கி ஆறாவது மாதத்தில் இந்தப் பரிசோதனை செய்ய வேண்டும். பிறகு பன்னிரண்டாவது மாதத்தில், அதன்பின் ஆண்டுக்கொரு முறை. செய்துவிட்டார்களா, எண் என்ன என்று கேளுங்கள். உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்விகளில் பலவற்றுக்கு விடை அந்த எண்ணில்தான் இருக்கிறது. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் வைரஸ் 200க்கும் கீழே இறங்கி அப்படியே நிலைத்திருந்தால், உடலுறவு வழியாக உங்களிடமிருந்து துணைவருக்குத் தொற்றாது. ஒருவருக்குத் தொற்று இருந்து வைரஸ் அடங்கியிருக்கும் ஜோடிகளை ஐரோப்பாவில் ஆண்டுக்கணக்கில் கவனித்த பார்ட்னர் ஆய்வின் முடிவுகள் 2016லும் 2019லும் வெளியாயின. ஆணுறை இல்லாத உறவிலும், அந்தத் துணைவரிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்று பரவவில்லை. குழந்தையும் அப்படித்தான். எந்தச் சிகிச்சையும் இல்லாதபோது தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். முறையான சிகிச்சையில் அது 5 சதவீதத்துக்கும் கீழே வந்துவிடுகிறது.

திருமணம் செய்யப் போகிறவரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. எப்படி, எப்போது, என்ன வார்த்தைகளில் சொல்வது என்பதை ஆலோசகரிடம் முன்கூட்டியே பேசிப் பழகலாம். நீங்கள் விரும்பினால் ஆலோசகர் உடன் இருந்தும் விளக்குவார். துணைவருக்கான பரிசோதனைக்கும், தேவைப்பட்டால் தடுப்பு மாத்திரைக்கும் வழிகாட்டுவார்.

அடுத்து, தொற்றுள்ளோர் குழு. இந்த ஏற்பாடு மருத்துவர்கள் கண்டுபிடித்தது அல்ல. 1983ல், மருந்தே இல்லாத காலத்தில், அமெரிக்காவின் டென்வர் நகரில் எய்ட்ஸ் நோயாளிகள் சிலர் கூடி, எங்களைப் பற்றிய முடிவுகளில் எங்களுக்கும் இடம் வேண்டும் என்று அறிக்கை வெளியிட்டார்கள். அந்த உரிமைக்குரல்தான் இன்று உலகெங்கும் சக தொற்றாளர் ஆதரவாக வளர்ந்திருக்கிறது. பல ஆண்டுகளாக மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, வேலைக்குப் போய், பிள்ளை வளர்க்கும் ஒருவரோடு அரை மணி நேரம் பேசுவது தரும் தைரியத்தை என்னால் தர முடியாது. கூட்டத்தில் உட்காரப் பிடிக்கவில்லையா? தொலைபேசியில் ஒருவரோடு மட்டும் பேச முடியுமா என்று கேளுங்கள். ஒன்றில் மட்டும் எச்சரிக்கை: மாத்திரையை நிறுத்துங்கள், முழுமையாகக் குணமாக்குகிறோம் என்று யார் சொன்னாலும் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

காசநோய்ப் பரிசோதனை, மனநல சிகிச்சை, வேலையிலோ மருத்துவமனையிலோ பாகுபாடு காட்டினால் சட்ட உதவி, பயணச் செலவுக்கும் சத்துணவுக்கும் சமூகப் பணியாளர் வழியான உதவி என்று இன்னும் பல உண்டு. எல்லா இடத்திலும் எல்லாம் கிடைக்காது. எது கிடைக்கும் என்பது ஆலோசகருக்குத் தெரியும்.

யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற உங்கள் பயம் நியாயமானது. அதை அப்படியே அவர்களிடம் சொல்லுங்கள். கூட்டம் குறைவான நேரம் எது, என் மருத்துவக் குறிப்புகளை யாரெல்லாம் பார்ப்பார்கள், வேறு மையத்துக்கு மாற்றித் தர முடியுமா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. உங்கள் சம்மதம் இல்லாமல் வீட்டாரிடம் சொல்வது ஆலோசகரின் வேலையல்ல. அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது அக்காவையும் அழைத்துக்கொண்டு போய் ஆலோசகரைப் பாருங்கள். வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் தலைகாட்டினால் மட்டும் அந்தத் தேதிவரை காத்திருக்காதீர்கள். அன்றே அக்காவிடம் சொல்லுங்கள், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.